கதவுக்கு மேல் எழுதியிருந்த பெயர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தோமினோ மேசையில், அதாவது புள்ளி போட்ட கட்டைகளை முனைக்கு முனை சேர்த்து ஆடும் ஆட்டத்தில், அதுவாக என் மடியில் வந்து விழுந்தது. கையில் இருந்த கட்டைகளில் ஒன்றுகூட ஆடுவதற்கு லாயக்கில்லாமல் நெளிந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்தவன் கேட்டான்:

"பூரோ மாமா, எந்த மொழியிலயும் கெட்ட அர்த்தம் வராத பேர் ஒண்ணு சொல்லுங்க. பொம்பளப் புள்ளைக்கு."

கேட்டவன் பெயர் எக்ஸித். அப்படியொரு பெயரைச் சுமந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உலகத்திலேயே அவனுக்குத்தான் முதல் உரிமை.

அன்றிலிருந்து முதல் வரியை எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

"மரக்காய்போ நகரத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மதியம்..." (வெயில் கொளுத்தாத மதியம் ஒன்று இங்கே இருந்தால்தானே இதைச் சொல்ல வேண்டும்? இந்த ஊர்க் கோழி அவித்த முட்டைதான் இடும். அடித்தாயிற்று.)

"வேப்பமரத்தடியில் நாலு பேர்..." (தெருவுக்குத் தெரு வேப்பமரம்தான் இங்கே. ஆனால் தமிழில் வேப்பமரம் என்று எழுதியதும் நீங்கள் கோவில்பட்டிப் பக்கம் போய்விடுவீர்கள். உங்களை வெனிசுவேலாவுக்குத் திரும்பக் கூட்டிவர எனக்குத் தெம்பில்லை. இந்தக் கதையில் நான் கூட்டிச் சொல்லாத ஒரே பொருள் அந்த மரம். மரம் இருக்கட்டும். வரியை அடித்தாயிற்று.)

"தன் பெயருக்குப் பயந்த ஒருவன்..." (இது பரவாயில்லை. எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. கையிலேயே வைத்திருக்கிறேன்.)

[என் பெயர் புருஷோத்தமன். கப்பல் எஞ்சினோடு வந்து, கப்பல் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவன். என் பெயரின் பாதியைத் தாண்ட இந்த ஊரில் யாருக்கும் மூச்சு இல்லை. பூரோ என்று வெட்டிவிட்டார்கள். அவர்கள் பாஷையில் அதற்குத் தூய்மையானவன் என்று பொருள். சுருட்டு என்றும் பொருள். எது எனக்குப் பொருந்தும் என்பதில் ஊர் இரண்டு கட்சி. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.]

2

எக்ஸித்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவனுடைய அப்பா அவுதியோ. ஆங்கிலத்தில் 'ஆடியோ' என்பதற்கு எழுதுகிற அதே எழுத்துகள்தான். சத்தியமாக நான் வைத்த பெயர் இல்லை. இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய லத்தீனில் 'நான் கேட்கிறேன்' என்று அர்த்தமாம். நம்ம அவுதியோவோ பிறந்ததிலிருந்து யார் சொல்லியும் எதையும் கேட்டதில்லை. பேசுவதற்கு மட்டுமே வாயைத் திறப்பார். திறந்தால் ஏரிக்கு அக்கரையில் மீன் வலைக்குள் தானாக வந்து ஒளிந்துகொள்ளும்.

இளவட்டமாக இருந்தபோது அவுதியோ ஏரிக்கு அக்கரையில், எண்ணெய்க் கம்பெனியின் வெள்ளைக்காரக் குடியிருப்பில் இருந்த சினிமாக் கொட்டகையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தார். கொட்டகையின் இரண்டு கதவுகளுக்கு மேலும் சிவப்பு விளக்கில் நாலு எழுத்து. எக்ஸிட்.

இந்த இடத்தில் நீங்கள் ஒரே ஒரு சொல் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்பானிய மொழியில் 'எக்ஸிதோ' என்றால் வெற்றி.

அவுதியோ அண்ணாந்து பார்த்தார். எக்ஸிட். வெற்றி! கடைசி 'ஓ'வை மட்டும் காணோம். அதிலென்ன ஆச்சரியம், கம்பெனிக்காரர்கள் எந்தச் சொல்லையும் பாதியைத் தின்றுவிட்டுத்தானே பேசுகிறார்கள். கதவுக்குக் கதவு வெற்றி என்று எழுதி வைத்திருக்கிறான் பார், அதனால்தான் இவன் முதலாளி, என்று நினைத்தார். மகன் பிறந்ததும் அந்தப் பெயரையே வைத்தார், இந்த ஊர் நாக்கில் எக்ஸித். ஊர் முழுக்கச் சொன்னார்: "எம் புள்ள பேரு வெற்றி. சாதா வெற்றியில்ல. அமெரிக்க வெற்றி!"

இதை எழுதிவிட்டு எழுந்து நடந்தேன். வீட்டைச் சுற்றி வந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஒரு சந்தேகம் குடைகிறது. வருஷக்கணக்காக அந்தக் கதவுக்குக் கீழே துடைப்பத்தோடு நின்றவனுக்கு, படம் முடிந்து எல்லோரும் அதன் வழியாகத்தான் வெளியே போகிறார்கள் என்பது கண்ணில் படாமலா இருந்திருக்கும்? இவ்வளவு வெகுளியா அவுதியோ? தோமினோவில் என் கையில் என்ன கட்டை இருக்கிறது என்பதை என் மூக்கைப் பார்த்துச் சொல்கிற மனுஷன்.

இந்தச் சந்தேகத்தை நீங்களும் கொஞ்சம் சுமந்துகொண்டு வாருங்கள். எனக்குக் கை வலிக்கிறது.

3

உயர்நிலைப் பள்ளியில் முதல் ஆங்கில வகுப்பில்தான் எக்ஸித்துக்கு விஷயம் தெரிந்தது. ஆசிரியை வருகைப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தவள், அவன் பெயரில் நின்றாள். ஒருமுறை கதவைப் பார்த்தாள், ஒருமுறை அவனைப் பார்த்தாள், பிறகு மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். மதியத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"டேய், தீப்பிடிச்சா எல்லாரும் எக்ஸித் பின்னாடியே ஓடணும்டா!"

"எக்ஸித், கொஞ்சம் தள்ளிக்க, வெளிய போகணும்!"

அவன் அழவில்லை. வீட்டுக்கு வந்தான். அவுதியோ வாசலில் நின்று யாரிடமோ, "இதோ வருது பாரு என் வெற்றி" என்று கத்திக்கொண்டிருந்தார். எக்ஸித் வாயைத் திறக்கவில்லை. அன்று மூடிய வாய், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதுவரை அந்த விஷயத்தில் திறக்கவே இல்லை. தெருவும் சேர்ந்து மூடிக்கொண்டது. அவன் பெயருக்கு இங்கிலீஷில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவுதியோ முன்னால் மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மனசுக்குள் ஒரு சபதமும் செய்துகொண்டான்: எவன் போனாலும் நான் இந்த ஊரை விட்டு வெளியே போக மாட்டேன். பெயர் சொல்கிறபடி ஆடுவதற்கு நான் என்ன பொம்மையா?

(கையில் வைத்திருந்த வரியை இங்கே போடலாமா? "தன் பெயருக்குப் பயந்த ஒருவன்..." வேண்டாம். அவனுக்குக் கோபம் வரும். பயம் இல்லை மாமா, ரோஷம் என்பான்.)

காலம் அவனைப் பார்த்துச் சிரித்தது. நாடு நொடித்தது. தெருவே கிளம்பிப் போயிற்று. லீமாவுக்கு, சந்தியாகோவுக்கு, போகோத்தாவுக்கு. தோமினோ ஆட நாலு பேர் சேர்ப்பதற்குள் நாக்குத் தள்ளியது. மாரியோ போனான், வில்மர் போனான், தேவாலய மணியடிக்கிற ஆளே போய்விட்டான். வெளியே போகும் வழி என்ற பெயர்க்காரன் மட்டும் குளிர்சாதனப் பெட்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி யாரித்சாவும் போனாள். எத்தனையோ வருஷம் கழித்துத் தங்கிய கரு வயிற்றில். இங்கே ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பஞ்சிலிருந்து விளக்குவரை நாமே கொண்டுபோக வேண்டும் என்ற நிலை. எல்லை தாண்டி, கொலம்பியாவில் பரங்கீயாவில் அக்காள் வீட்டில் போய் இருந்தாள். "நீயும் வா" என்றாள். "பின்னாடியே வர்றேன்" என்றான். பெண் குழந்தை பிறந்தது. இவன் இன்னும் பின்னாடிதான் இருந்தான்.

நான் இந்தக் கதைக்குள் வருவதற்கு முந்தின நாள் அவள் போனில் பேசினாள். எக்ஸித் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். எதையும் சேர்க்கவில்லை, கொஞ்சம்தான்.

"இங்க பாரு எக்ஸித். திங்கக்கிழமை புள்ளையப் பதிவு பண்ணப் போறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ வந்து நின்னா, நீ வைக்கற பேரு, உன் குடும்பப் பேரு. வரலன்னா நான் வைக்கற பேரு, எங்கப்பன் பேரு. அவ்வளவுதான்."

"பேரு யோசிச்சுக்கிட்டே இருக்கேன் யாரி. கெடச்சதும் அனுப்பறேன்..."

"பேர அனுப்பாத. ஆள அனுப்பு."

"அதுவரைக்கும் புள்ளைய எப்படிக் கூப்பிடறீங்க?"

"ஏய்னு. பாவம், அதுக்கும் திரும்பிப் பாக்குது."

4

ஆக, பெயரைத் தேடினான். போவதற்காக இல்லை, போகாமல் இருப்பதற்காக. அப்பழுக்கில்லாத ஒரு பெயரை அனுப்பிவிட்டால் யாரித்சா மனசு இளகும் என்று கணக்கு. தன்னைப் போல மகளும் இன்னொரு பாஷையில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்றும் இருந்தது.

மேசையில் நாங்கள் நாலு பேர்: அவுதியோ, எக்ஸித், நான், முடிவெட்டுகிற நேரியோ. நடுவில் ஒரு தட்டு மந்தோக்கா. வாழைப்பழ மாவை வளையமாகப் பிடித்துப் பொரித்தது. கப்பலில் நாலு கண்டம் பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டான். நானும் பெருமையாக எங்கள் வீட்டுப் பெண்களின் பெயர்ப் பெட்டியைத் திறந்தேன்.

"மாலா," என்றேன்.

"கெட்டவளா? இன்னும் பால்கூட ஒழுங்காக் குடிக்கல, அதுக்குள்ள என்ன கெட்டுப் போச்சு?"

"லதா."

"தகர டப்பா," என்றான் நேரியோ, வாயில் மந்தோக்காவோடு.

"பாலா. எங்க சித்தி பேரு."

"துப்பாக்கிக் குண்டு! மாமா, உங்க ஊர்ல புள்ளைக்குப் பேர் வைக்கறீங்களா, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறீங்களா?"

"மீனா."

"அது கண்ணிவெடி."

"தாரா. நட்சத்திரம்னு அர்த்தம், அருமையான..."

அவுதியோ சிலுவை போட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். விட்டம் இல்லை, வேப்பமரம்தான், பதற்றத்தில் பார்த்தார். "யோவ் பூரோ, வாயக் கழுவுய்யா! வீட்டுக்குள்ள வந்து ஒட்டுச்சுன்னா சாவு விழும்பாங்களே, கருப்பு அந்துப்பூச்சி, அதான்யா தாரா!"

[அத்தை கெட்டவள், அக்கா டப்பா, சித்தி குண்டு. ஒருத்தியையும் இந்த ஊருக்குக் கூட்டி வராதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.]

கடைசி அஸ்திரமாக, "சாந்தா" என்றேன். எங்கள் பாஷையில் அமைதியானவள். இவர்கள் பாஷையில் புனிதவதி. இரண்டிலும் பழுதில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

எக்ஸித் உதட்டைப் பிதுக்கினான். "புனிதவதின்னு பேர் வச்சு ஒரு புள்ளைய எப்படி மாமா திட்டறது? புனிதவதியே, மூக்குக்குள்ள இருந்து வெரல எடும்மான்னா?"

"ஒண்ணு கன்னிமாடத்துல முடியும், இல்ல ஒயின் ஷாப்புல முடியும்," என்றான் நேரியோ. "நடுவுல வேலையே இல்ல."

யாரித்சாவும் எக்ஸித்தும் சேர்ந்தால் எக்ஸாரி, யாரெக்ஸ். அப்பா அம்மா பெயரை வெட்டி ஒட்டுவது இங்கே வழக்கம்தான். ஆனால் யாரெக்ஸ் என்றதும் எல்லோருக்கும் தரை கழுவும் திரவத்தின் வாசனை வந்துவிட்டது.

"சரி, பேர் எப்படியாவது கெடைக்கும்," என்றேன். "எங்க பக்கத்துல பேர் வைக்கறதுன்னா சும்மா எழுதிக் கொடுத்துட முடியாது. புள்ளையோட காதுல, ரகசியமா, மூணு தரம் சொல்லணும். அப்பத்தான் பேரு ஒட்டும்."

எக்ஸித் நிமிர்ந்தான். "போன்ல சொன்னா ஒட்டாதா? அதையும் காதுலதானே வைக்கறோம்?"

நான் மந்தோக்காத் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். மேசையில் கட்டை வரிசையின் இரண்டு முனையில் ஒன்றில் ஆறு திறந்து கிடந்தது, ஆறு உள்ள எந்தக் கட்டையும் அங்கே சேரும். ஆடும் முறை அவுதியோவுடையது. அந்த நேரம் பார்த்துத்தான், தெரு முழுக்க இத்தனை வருஷம் காத்து வைத்திருந்ததை நேரியோ மந்தோக்கா மென்றபடி போட்டு உடைத்தான்.

"கெளம்பேண்டா. பேர்லயே வெளிய போற வழின்னு எழுதியிருக்கு. இன்னும் யாரு வந்து உனக்குக் கதவத் தொறக்கணும்?"

5

நேரியோ மென்றதை விழுங்கவில்லை.

அவுதியோ தன் கட்டைகளைப் பார்த்தார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. பிறகு விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். ஆடக் கட்டை இல்லை என்று அர்த்தம்.

"எதுக்குடா எல்லாரும் எழவு வீட்டுல நிக்கற மாதிரி முழிக்கறீங்க?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் இருந்தது. "எக்ஸிட்னா வெளிய போற வழி. எனக்குத் தெரியாதா? அதுக்குக் கீழதானே நின்னேன். படம் முடிஞ்சதும் கம்பெனிக்காரங்க குடும்பம் குடும்பமாப் போவாங்க, புள்ளைங்க கையில ஐஸ்கிரீமு. கூட்டற பயலுக்கு வழி பின்பக்கம், குப்பத்தொட்டியோட. நான் ஒரு நாள்கூட அந்தக் கதவு வழியாப் போனதில்ல. எம் புள்ள போவட்டும்னுதான் வச்சேன்."

"அப்ப வெற்றின்னு ஊரெல்லாம் சொன்னது?" என்றான் எக்ஸித்.

"வெளிய போற வழின்னு சொன்னா பாதிரியார் ஞானஸ்நானம் குடுத்திருப்பாரா? அப்புறம் நீயே அத நம்பிட்ட. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

"நான் எங்க நம்பினேன்ப்பா? நீங்க நம்பறீங்கன்னுதானே நான்..."

"அட மடப்பயலே," என்றார் அவுதியோ.

"நீங்களும்தான்," என்றான் எக்ஸித்.

அவுதியோவின் மகள் ஆவுரிமார் அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து, "அப்பா, என்ன சத்தத்தையே காணோம்? உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கத்தினாள். அவுதியோவை இங்கே பார்த்துக்கொள்ள அவள் இருக்கிறாள் என்பதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். எக்ஸித்தைத் தடுத்தது அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றும் கவலை இல்லை, அப்பா நம்புவதாக அவன் நினைத்த அந்த வெற்றி.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். அழகாக இருந்திருக்கும். நீங்களும் மூக்கைச் சிந்திவிட்டுப் போயிருப்பீர்கள்.

6

ஆனால் பன்றி இருக்கிறதே.

தோமினோவில் இரட்டை ஆறை இங்கே பன்றி என்போம். கனத்த கட்டை. கையில் தங்கினால் நாசம். கிடைத்த முதல் சந்தில் தள்ளிவிடுவதுதான் எவனும் செய்வது. அந்த ஆட்டம் அப்படியே நின்றுபோனது. கட்டைகளைக் கவிழ்த்துக் கலைக்கும்போது அவுதியோவுடையதில் ஒன்று புரண்டு, மல்லாந்து, என் பக்கம் விழுந்தது.

பன்றி.

மேசையில் ஆறு திறந்து கிடந்தது. கையில் பன்றி இருந்தது. அவுதியோ 'இல்லை' என்று தட்டினார்! என் மூக்கைப் பார்த்தே கட்டை சொல்கிற அவுதியோ! நான் அதைக் கவிழ்த்துக் குவியலுக்குள் தள்ளிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐம்பது வருஷமாகத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கேட்டதற்கா ஒரு மனுஷனுக்குக் கண்ணெதிரே இருக்கிற பன்றி தெரியாமல் போகும்? அவருக்குத் தெரியவே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிஷம்தான், நேரியோ வாயால்தான், தன் மகனின் பெயர் வெற்றி இல்லை என்று கேட்டிருக்கிறார். கேட்டு, மேசையைத் தட்டி, அந்தத் தட்டு அடங்குவதற்குள் ஐஸ்கிரீமும் குப்பைத்தொட்டியும் பின்பக்க வழியுமாக முழுக் கதையையும் கட்டி மகன் கையில் கொடுத்திருக்கிறார், அவன் போகட்டும் என்று. அப்படியானால் நான் இந்தப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போய்த் தொழில் கற்க வேண்டும்.

அல்லது உண்மையிலேயே தெரிந்திருந்து, மகனுக்கும் தெரியும் என்பது தெரிந்த அதிர்ச்சியில் கை தடுமாறியதா?

மறுநாள் கேட்டேன். "அவுதியோ, உள்ளதச் சொல்லு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அந்தக் கொட்டகையில ஒரு நாள் சிங்கம் புகுந்துச்சு பூரோ," என்று ஆரம்பித்தார்.

7

முடிவுகள்.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமை எல்லைக்குப் போகும் பழைய ஷெவ்ரோலே காரில் எக்ஸித் ஏறினான். லிமோன் ஆற்றுப் பாலத்தில் "நிறுத்து" என்று இறங்கித் திரும்பி நடந்தான். (ரோஷக்காரனுக்கு இது பொருந்தும். ஆனால் இதை எழுதினால் யாரித்சா பரங்கீயாவிலிருந்து வந்து என்னை அடிப்பாள்.)

இரண்டு: வண்டியில் எக்ஸித், பக்கத்தில் அவுதியோ, மடியில் தோமினோப் பெட்டி. (நேரியோவுக்குப் பிடித்த முடிவு. ஆனால் அவுதியோ போய்விட்டால் மேசையில் நானும் நேரியோவும்தான். சுயநலத்தால் அடித்தேன்.)

மூன்று: பெயர் அதிசயமாகக் கிடைத்தது, அதற்கு எல்லா மொழியிலும் (இந்த வரியை முடிக்க மாட்டேன். அப்படிப்பட்ட பெயர் இல்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஞாயிறு விடிந்ததும் வண்டி வந்தது. எக்ஸித் முன் இருக்கையில் உட்கார்ந்தான், ஒற்றைப் பையோடு. அந்த வண்டியின் கதவு லேசில் சாத்தாது. அவுதியோ முழு பலத்தோடு அறைந்து சாத்தினார். எக்ஸித் ஜன்னல் வழியாக, "அப்பா..." என்று தொடங்கினான்.

"போடா," என்றார் அவுதியோ, பழைய குரலில், தெருவுக்கே கேட்கும்படி. "படம் முடிஞ்சிருச்சு. எவ்வளவு நேரம் உள்ளயே உக்காந்திருப்ப?"

எல்லை தாண்டியதும் எனக்குப் போன் வந்தது. "பூரோ மாமா, வந்துட்டேன். பேரு இன்னும் கெடைக்கல. அவ வாசல்ல நிப்பா, மொத கேள்வியே அதான். சீக்கிரம் ஒண்ணு சொல்லுங்க!"

என் பெட்டி காலி. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் கட்டாயம் ஒரு பெயர் இருக்கும். யாருக்கோ வைக்க நினைத்து வைக்காமல் விட்ட பெயர். அது வேறொரு பாஷையில் டப்பாவாக இருக்கலாம், குண்டாக இருக்கலாம், கதவுக்கு மேல் எரியும் விளக்காக இருக்கலாம். பரவாயில்லை, அவள் பார்த்துக்கொள்வாள்.

சாயங்காலம். பரங்கீயாவில் ஒரு சந்து. எக்ஸித் விரல் முட்டியால் கதவைத் தட்டிவிட்டான். உள்ளே செருப்புச் சத்தம். கதவு திறக்கிறது. யாரித்சா அந்தக் கேள்வியைக்கூடக் கேட்காமல் குழந்தையை அவன் கையில் வைக்கிறாள். அவன் அதன் காதருகே குனிகிறான்.

சொல்லுங்கள். மூன்று தரம். மெதுவாக, குழந்தை தூங்குகிறது.